துன்ஹிந்த அருவியும் எலுமிச்சை ஊறுகாயும்

ஓர் ஊரின் அதிசயத்தைக் கடைசியாகப் பார்ப்பவன் அந்த ஊர்க்காரன்தான். பதுளை பசாரில் எங்கள் பலசரக்குக் கடை. எங்கிருந்தோ கப்பலேறி வரும் துரைமார் துன்ஹிந்த அருவியைப் பார்த்துவிட்டு, நனைந்த தொப்பியோடு எங்கள் கடை வழியாகத் திரும்புவார்கள். நான் கல்லாவில் உட்கார்ந்து அவர்களைப் பார்ப்பேன். அருவிக்கும் எனக்கும் இருந்த உறவு அவ்வளவுதான்.

பதுளைக்கு ரயில் வராத காலம். எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்த்துப் போக, இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கடல் தாண்டிப் பெண்ணின் அப்பா வந்திருந்தார். பண்டாரவளையில் ரயிலை விட்டிறங்கி மாட்டு வண்டியில் குலுங்கி வந்ததிலேயே அவருக்குப் பாதி மனசு விட்டுப்போயிருந்தது. அந்தப் பெண்ணை நான் அங்கே எங்கள் சொந்த ஊர்த் திருவிழாவில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். அதற்குப் பிறகு வேறு யாரையும் பார்க்கத் தோன்றவில்லை. (இது அவளுக்குத் தெரியும். அதுதான் இன்றுவரை கஷ்டம்.)

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அவர் அதில் படு கெட்டி. தெரிந்தவர் கடையில் தங்கி அங்கேயே சாப்பிட்டார். எங்கள் வீட்டில் மோரைக்கூடத் தொடவில்லை. அம்மா அவருக்காகச் செய்த பலகாரத்தையெல்லாம் நானே தின்று தீர்த்தேன்.

"கடையப் பாத்தாச்சு, வீட்டப் பாத்தாச்சு. வேற என்ன இருக்கு இந்த ஊர்ல?" என்றார் அவர். அடுத்த வார்த்தை 'வேண்டாம்' என்பதுதான் என்று எனக்குப் பட்டது.

"துன்ஹிந்த அருவி இருக்குங்க. பக்கத்துலதான். வாராவாரம் போய்ட்டு வருவேனுங்க."

அடுப்படியிலிருந்து அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். இருந்தாலும் புளிச்சோறும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தாள். "அவரு தொட மாட்டாரு. நீயாவது சாப்பிடு" என்றாள்.

மறுநாள் காலையில் கோட்டும் புது பூட்ஸுமாகக் கிளம்பினேன். காட்டுப்பாதையில் நடந்தோம், நடந்தோம், நடந்துகொண்டே இருந்தோம்.

"இந்தப் பலாமரத்த முன்னாடியே பாத்தமே தம்பி?"

"இந்தப் பக்கம் எல்லா மரமும் இப்படித்தானுங்க."

ஒருவழியாக இரைச்சலைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டியிருந்தது. எதிரே வெள்ளையாகச் சாரல் புகை மூடியிருந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

"அருவி எங்க?"

"இதுக்குள்ளதானுங்க இருக்கு."

அவர் குனிந்து வேட்டியைப் பார்த்தார். சிவப்புச் சிவப்பாகக் கறை. தூக்கினால், முழங்கால்வரை அட்டைகள். மழையையே அபூர்வமாகப் பார்க்கிற இராமநாதபுரம் சீமைக்காரர், தரையில் நடக்கும் அட்டையை எங்கே பார்த்திருக்கப் போகிறார்?

"உயிரோட இருக்கா தம்பி?"

"இருக்குங்க. உங்க புண்ணியத்துல." (என் வாய் அப்படி.)

மழைக்காலத்தில் தேயிலைத் தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள் அட்டைக்காகத் துணியில் உப்பு முடிந்துகொண்டு போவார்கள். அந்த உப்பு எங்கள் கடை உப்பு. நமுனுகுல தோட்டங்கள்வரை மூட்டை மூட்டையாக அனுப்புகிற கடையின் வாரிசு கையில் ஒரு சிட்டிகை இல்லை. அப்போதுதான் ஊறுகாய் ஞாபகம் வந்தது. எலுமிச்சை, உப்பு, இரண்டும் அதில் இருக்கிறதே என்று அவர் காலில் அப்பினேன். அட்டைகள் விழுந்தன. கடிவாயில் மிளகாய் ஏறியது. இராமநாதபுரத்துப் பெரிய மனிதர் ஒருவர் அந்தப் புகைக்குள் ஒற்றைக்காலில் குதித்தார்.

"அட்டையே தேவலாம் போல தம்பி" என்று ஊறுகாயைப் பிடுங்கிக்கொண்டு பாறையில் உட்கார்ந்து, தானே பக்குவமாகப் பிழிந்தார். கடைசி அட்டையும் விழுந்தது. பிழிந்த தோல் கையில் மிஞ்சியது. காலையிலிருந்து பட்டினி. கை தன்பாட்டில் வாய்க்குப் போயிற்று. நாலு மெல்லு மென்றவர் சட்டென்று நிறுத்தினார்.

"இது... உங்க வீட்டு ஊறுகாய்ல்ல?"

"ஆமாங்க."

துப்பியிருக்கலாம். அந்தக் காட்டில் யார் பார்த்தார்கள்? அவர் கண்ணை மூடி விழுங்கினார்.

"சரி மாப்பிள்ள. அந்தச் சோத்தப் பிரிங்க."

அந்த நேரம் காற்று திரும்பிப் புகை விலகியதாம். அருவி உச்சியிலிருந்து அடிவரை தெரிந்ததாம். மாமா பார்த்தார். நான் பொட்டலத்து முடிச்சோடு போராடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் எலுமிச்சை ஊறுகாய்க்கு இன்றும் அட்டை மருந்து என்றுதான் பெயர். போன மாதம் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பினேன். வாசல்வரை வந்த என் மனைவி சொன்னாள்:

"வயிறு நெறயச் சாப்பிட்டுப் போங்க. எங்கப்பா பசியில செஞ்ச காரியத்த நீங்களும் செஞ்சிராதீங்க."