மாசிச் சந்தைக் கயிறு

ஒரு காட்டில் ஒரு சந்தை இருந்தது. காட்டுக்குள் சந்தை எதற்கு என்று கேட்பவர்கள் பஞ்ச காலத்தில் தண்ணீருக்கு வரிசையில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் காட்டில் ஒரு மாசி மாதம் எல்லாக் குட்டைகளும் வற்றி, ஒரே ஒரு குட்டைதான் மிஞ்சியது. சிறுத்தை முதல் முள்ளம்பன்றி வரை எல்லாரும் அங்கே வந்தாக வேண்டும். வரிசையோ நகரவில்லை. சும்மா நிற்பானேன் என்று ஒரு முயல் தன்னிடமிருந்த கிழங்கைக் கரடியிடம் கொடுத்துத் தேன் வாங்கியது. அதைப் பார்த்த கொக்கு மீனை எடுத்து வெளியே வைத்தது. மழை வந்து குட்டைகள் நிறைந்த பிறகும் ஆண்டுதோறும் மாசியில் எல்லாரும் அதே இடத்துக்கு வந்தார்கள், இப்போது வியாபாரத்துக்காகவே.

பசித்தவனும் பசிக்கு உணவானவனும் ஒரே திடலில் கூடினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஒரு யானை காட்டுக்கொடிகளை முறுக்கிக் கயிறு திரித்துத் திடலைச் சுற்றிக் கட்டியது. ஒரே ஒரு சட்டம் போட்டார்கள்: 'கயிற்றுக்கு உள்ளே பல் சிரிக்க மட்டும்.' வருகிறவர்கள் விடிவதற்குள் கயிற்றுக்குள் நுழைந்துவிட வேண்டும். சந்தை கலையும்போது புல் தின்கிறவர்கள் முதலில் கிளம்புவார்கள். கறி தின்கிறவர்கள் வெற்றிலை போட்டு, மென்று, துப்பிய பிறகுதான் எழுந்திருக்கலாம். அதற்கு மேல் அவரவர் கால் பாடு.

காலம் போகப் போகச் சந்தை வளர்ந்து பொருட்காட்சி ஆனது. குரங்குகள் ராட்டினம் கொண்டுவந்தார்கள். கரடி தேன் விற்பதை விட்டுவிட்டு மிளகாய் பஜ்ஜியும் டெல்லி அப்பளமும் போட ஆரம்பித்தார். துறைக்கு ஒரு அரங்கு முளைத்தது. நீர்வளத் துறை அரங்கில் அட்டையில் செய்த அணை ஒன்று உண்டு, அதற்கு விளக்கெல்லாம் எரியும், தண்ணீர் மட்டும் வராது. இப்படி எல்லாம் உள்ளே வர வர, சந்தை எதற்காகத் தொடங்கியதோ அந்தக் காய்கறிக் கடைகள் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசியில் கழிப்பறைக்குப் பக்கத்தில் போய் நின்றன.

அங்கேதான் மாராத்தா என்கிற முயல் கடை போட்டிருந்தாள். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் பல்குச்சியும் விற்பாள். ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி அல்லவா? அவளுடைய ஆலங்குச்சிக்குப் பெரிய வாடிக்கையாளர் பொருட்காட்சிக் குழுத் தலைவரான சிறுத்தைதான். பல்லை அவ்வளவு சுத்தமாக வைத்திருப்பவர் அந்தக் காட்டில் வேறு யாரும் இல்லை. எந்தப் பல்லுக்காகக் குச்சி விற்கிறோம் என்று மாராத்தா யோசித்ததே கிடையாது. வியாபாரம் என்று வந்துவிட்டால் அதையெல்லாம் யோசிக்க முடியுமா?

பக்கத்துக் கடைக்காரி செல்லாயி ஒரு காடை. தினையும் வரகும் விற்பவள். நாற்றத்தில் உட்கார்ந்தால் யார் வருவார்கள் என்று இருவரும் புலம்பாத நாளில்லை. ஒரு வருஷம் மாராத்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. காய்கறிக்காரர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, எங்களுக்கு முன்வாசலில் இடம் வேண்டும் என்று செயலாளரிடம் மனு கொடுத்தாள். செயலாளர் தருமலிங்கம் ஒரு நரி. பஜ்ஜிக் கடைக் கணக்கில் தின்று தின்று கழுத்தே தெரியாமல் பருத்திருந்தார். மரணக் கிணறு அமைக்க இடம் இல்லாமல் அவர் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. மனுவைப் படித்ததும், காலியாகப்போகும் இடத்தை நினைத்து அவர் முகம் மலர்ந்தது. கேட்ட இடம் கேட்டபடியே கிடைத்தது, கூரையும் பெயர்ப் பலகையும் இலவசமாக. காய்கறிக்காரர்கள் மாராத்தாவைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

திறப்பு விழாவன்று விடியலில் கிழங்கைக் குவித்து வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் செல்லாயி கேட்டாள், "ஏனுங் அக்கா, கயிறு நமக்குப் பின்னால இருக்குதே?"

மாராத்தா திரும்பிப் பார்த்தாள். கயிறு வாசலுக்குக் குறுக்கே கட்டியிருந்தது. கடைகள் வாசலுக்கு முன்னால் இருந்தன. முன்வாசல் என்றால் வாசலுக்கு முன்னால் என்று செயலாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய்க் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே தருமலிங்கத்தைக் கூப்பிட்டாள். அவர் சாவகாசமாக வந்தார். இந்த இடத்துக்கு விரிவாக்கப் பகுதி என்று பெயர், கயிற்றை விரிவாக்குவது தனி வேலை, அதற்குத் தனி மனு போட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அப்படியென்றால் எங்களை உள்ளேயாவது விடுங்கள் என்று கெஞ்சினாள்.

"டிக்கெட் இல்லாம எப்படிம்மா விடறது?" என்றார் நரி. "முன்னாடியே வாங்கினவங்க எல்லாம் விடியறதுக்குள்ள உள்ள போயாச்சு. இனி கவுண்டரு திறப்பு விழா முடிஞ்சுதான் திறக்கும்."

பின்னால் காட்டுப் பாதையில் மேளச் சத்தம் கேட்டது. தலைவர் வந்துகொண்டிருந்தார். திறப்பு விழா முடிந்த பிறகுதான் சாப்பாடு என்பதால் வெறும் வயிற்றோடு வந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு ஓடலாம் என்றால் வழி அந்தப் பாதைதான். கதைகளில் முயலுக்குப் புத்தி அதிகம் என்பார்கள். மாராத்தாவுக்கு அப்போது காது மட்டும்தான் அதிகமாக இருந்தது, அதிலும் மேளத்தைத் தவிர வேறெதுவும் விழவில்லை.

சிறுத்தை வழக்கம்போல நேராக அவள் கடைக்கு வந்தார். ஒரு குச்சியை எடுத்து மெல்ல ஆரம்பித்தார். மென்றுகொண்டே கடையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அவருடைய கண் மெதுவாகக் கயிற்றைத் தேடிப் போனது. மெல்லுவது நின்றது.

"அம்மிணி," என்றார், "இந்த வருஷம் கயிறு அங்க இருக்குது?"

மாராத்தாவின் உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து அது வார்த்தையாக வெளியே வந்தது.

"அது உங்களுக்காகக் கட்டினதுங்க தலைவரே. டவுனுப் பொருட்காட்சியில எல்லாம் தலைவருங்கதான் நாடா வெட்டித் திறந்து வைப்பாங்களாம். போட்டோ எடுப்பாங்களாம். நீங்க உங்க பல்லாலயே வெட்டோணும்னு எங்களுக்கு ஒரு ஆசைங்க."

போட்டோ என்ற சொல் காதில் விழுந்ததும் குரங்குகள் செல்போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். சிறுத்தை மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். அது நாடா இல்லை என்று எடுத்துச் சொல்ல வேண்டியவர் அந்தத் திடலில் தருமலிங்கம் ஒருவர்தான். ஆனால் தலைவர் வாயைத் திறந்துவிட்ட பிறகு செயலாளர் வாயைத் திறக்கலாமா? முதல் ஆளாகக் கைதட்டினார். சுத்தமான பற்கள் ஒரே கடியில் கயிற்றைத் துண்டாக்கின. இனி உள்ளே வெளியே என்று எதுவும் இல்லை, எல்லாருக்கும் ஒரே சந்தைதான் என்று மாராத்தா மனசாரக் கத்தினாள். சத்தியமாக அவள் நல்லதைத்தான் நினைத்தாள். எல்லாரும் பத்திரம் என்றுதான் நினைத்தாள்.

சிறுத்தை அறுந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே பார்த்தார். பஜ்ஜியும் அப்பளமும் தின்று கொழுத்த கூட்டம் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"செயலாளரே, நம்ம சட்டம் என்ன சொல்லுது?"

"கயிற்றுக்கு உள்ளே பல் சிரிக்க மட்டுமுங்க," என்றார் தருமலிங்கம், பக்கத்தில் வந்து பணிவாகக் குனிந்து.

"கயிறு எங்க இருக்குது?"

"அறுந்து கிடக்குதுங்களே தலைவரே."

சட்டத்தைச் சரியாகச் சொல்வதில் அவருக்கு இணை யாரும் கிடையாது. பாவம், அதுதான் அவர் சொன்ன கடைசி விளக்கம். அதற்குப் பிறகு திடலில் எழுந்த கூச்சலையும் ஓட்டத்தையும் விவரித்தால் குழந்தைகள் பயப்படுவார்கள். வாசலுக்கு வெளியே இருந்த காய்கறிக்காரர்களுக்கு முன்னால் காட்டுப் பாதை திறந்து கிடந்தது. ஒருவர் விடாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள். வளைக்குள் மூச்சு வாங்கியபடி கிடந்த மாராத்தாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் உயிரோடு இருக்கிறோம் என்ற சந்தோஷம் அதற்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டுவிட்டது.

கொஞ்ச நாள் கழித்துத் தலைவரிடமிருந்து ஆள் வந்தது. நாடா வெட்டும் யோசனை அவருக்கு மிகவும் பிடித்துப் போய்விட்டதாம். செயலாளர் பதவியும் காலியாக இருக்கிறதாம். ஒரு காய்கறிக்காரிக்கு அந்தப் பதவி கிடைத்ததே இல்லை, நம் ஆள் ஒருத்தி உள்ளே இருந்தால் நமக்கு நல்லதுதானே என்று செல்லாயிதான் முதலில் சொன்னாள். மாராத்தா போனாள். போன உடனே புதுக்கயிறு திரித்தாள். திடலைச் சுற்றி அகலமாக, காய்கறிக் கடைகளையும் சேர்த்துக் கட்டினாள். இந்தக் கயிற்றை யாரும் தொடக் கூடாது என்று பலகையும் வைத்தாள். அவள் செய்த நல்லதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் திறப்பு விழா நெருங்க நெருங்கத் தலைவர் நாடா எங்கே என்று கேட்க ஆரம்பித்தார். ஒரு நாள் கேட்டார், மறுநாளும் கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது அவர் மாராத்தாவைப் பார்த்த பார்வை சரியில்லை. அன்றே அவள் பெரிய கயிற்றுக்கு வெளியே, வாசலருகில் சின்னதாக ஒரு திடல் ஒதுக்கி, அதைச் சுற்றி மட்டும் தலைவர் வெட்டுவதற்கென்று மெல்லிசாகத் தனிக்கயிறு கட்டினாள். சிறப்பு அரங்கு என்று பெயர் வைத்தாள்.

அந்த வாரம் செல்லாயி அலுவலகத்துக்கு வந்தாள். இந்த வருஷம் கடைக்கு ஒதுக்கியிருக்கும் இடத்தில் வெயில் தாங்காது, கொஞ்சம் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். மாராத்தா எழுந்து வந்து அவளுக்கு நாற்காலி போட்டு, டீ சொன்னாள்.

"உங்களுக்கு இல்லாத இடமா? தலைவரே வந்து திறந்து வைக்கிற அரங்கு ஒண்ணு இருக்குது. அதுல முதல் கடை உங்களுது."

செல்லாயிக்குக் கண் கலங்கிவிட்டது. இருந்தாலும் பட்ட அனுபவம் விடவில்லை.

"கயித்துக்கு உள்ளதானுங்களே அக்கா?"

"உள்ளதான்," என்றாள் மாராத்தா.

நீதி: அநியாயத்தை எதிர்த்து அவசரப்பட்டுப் போராடாதே, அதில் ஒரு பதவி காலியாகும் வரை பொறு.