பெரைரா எங்க ஊர்க்காரர்தான்

ஆள் யார் என்றே தெரியாமல் சொந்தம் கொண்டாடுவதில் தூத்துக்குடிக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதிலும் நான் கொஞ்சம் முற்றிய கேஸ்.

அபுதாபி முசஃபாவில் ஒரு கேரேஜில் மெக்கானிக்காக இருந்தேன். ஃபோர்மேன் இடம் காலியாக இருந்தது. புது மேனேஜர் வந்துதான் ஆளைப் போடுவார் என்றார்கள். அவர் பெயர் பெரைரா என்று தெரிந்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நானும் பெரைரா. போர்ச்சுக்கீசியர் காலத்தில் ஞானஸ்நானத்தோடு எங்கள் கடற்கரைக்கு வந்த பெயர். தெருவுக்கு நாலு பெரைரா உண்டு. (போர்ச்சுகலிலும் இருப்பார்கள் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.)

ஏர்போர்ட்டுக்கு நான்தான் போவேன் என்று அடம்பிடித்து வண்டியை வாங்கினேன். நர்ஸ் டியூட்டி முடிந்து அலுத்து வந்த என் மனைவி மெர்சியைச் சீலா மீன் குழம்பு வைக்கச் சொல்லி, தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டேன்.

“பேரை ஒரு அட்டையில எழுதிப் பிடியும் வே” என்றார் டிரைவர் காதர் பாய். காயல்பட்டினத்துக்காரர், நிதானமான மனிதர்.

“நம்ம ஆளுக்கு அட்டை எதுக்கு பாய்? மூஞ்சியே சொல்லிரும்.”

ஏர்போர்ட்டில் மீசை வைத்த மாநிற ஆட்களை ஒருவர் விடாமல் மறித்து, “பெரைராவா? எந்த மாதா கோயில் பங்கு?” என்று விசாரித்தேன். ஒருவர் செக்யூரிட்டியைக் கூப்பிட்டுவிட்டார். நடுவில் ஒரு வெள்ளைக்காரர் வேறு பெட்டியோடு நின்று வழியை மறைத்தார். “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எங்க மேனேஜர் வாராரு” என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். பாவம், தள்ளி நின்றார். ரொம்ப நேரம் நின்றுவிட்டு டாக்ஸி பிடித்துப் போனார். கேரேஜுக்குத் திரும்பி, குழம்பை நானும் காதர் பாயும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலை மேனேஜர் நாற்காலியில் அந்த வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“சார், எங்க ஊர்ப் பேரு உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

போர்ச்சுகலின் லிஸ்பனிலிருந்து வந்தவர் என்னையும் என் சட்டையில் தைத்திருந்த பெயரையும் மாறி மாறிப் பார்த்தார். “நானும் அதையேதான் கேட்க நினைத்தேன்” என்றார்.

ஃபோர்மேன் வேலை ஒரு மலையாளிக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு மிஞ்சியது மேனேஜர்தான். கிறிஸ்துமஸ் தவறாமல் எங்கள் பிளாட்டுக்குச் சாப்பிட வருகிறார். எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் மெர்சி சிரிக்காமல் சொல்வாள்:

“எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா மகன். சின்னதுல வெயில்ல விடாம வளர்த்துட்டாங்க.”