பேத்தியைப் பார்க்க ஒரு போன்

மாசானத்தின் இடது கையில் சின்ன போன். வலது கையில் பெரிய போன். இரண்டுமே கண்ணாடி மேசைமேல் பார்வைக்காக வைத்திருந்த டம்மி மாதிரிகள். இரண்டையும் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, அவர் தோளே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

"இன்னாண்ணா, எது?" என்றாள் கடைப்பெண் கார்குழலி.

"ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே கேமரா, சைஸு மட்டும்தான் வேறன்றியே தங்கச்சி. அதான் பேஜாரா கீது."

ராயபுரம் கல்மண்டபம் பக்கத்தில் இருந்தது மஜீது பாயின் அந்தச் செல்போன் கடை. மாசானம் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். மலைபோல அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே யோசிக்காமல் வண்டியைத் திருப்புவார். இன்று லீவு போட்டுவிட்டுக் கடையில் நின்று திணறினார். காரணம் இருந்தது. மஸ்கட்டில் இருக்கும் மகள் சங்கமித்ராவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. பிளேனில் வரக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் பிரசவம் அங்கேயே. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். இன்று சாயங்காலம் வீடியோ காலில் குழந்தையைக் காட்டப் போகிறாள். இங்கேயோ, வீட்டில் இருந்த ஒரே நல்ல போன் தண்ணீர் டிரம்மில் விழுந்து உயிரை விட்டுவிட்டது. மிச்சம் ஒரு பட்டன் போன்தான்.

"சின்னதே குடுத்துடு," என்றார் மாசானம் கடைசியாக. "சட்டைப் பாக்கெட்ல நிக்கும். யார்டுல நாலு பேருக்குப் பேத்தி போட்டோ காட்டலாம்."

கார்குழலி முகத்தில் பெரிய நிம்மதி தெரிந்தது.

வீட்டில் பவானி போனை வாங்கினாள். கையைத் தூரமாக நீட்டிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுவந்து பார்த்தாள்.

"இன்னாய்யா இது, தீப்பெட்டி வாங்கினு வந்துகீற?"

"பாக்கெட்ல நிக்கும் பவானி."

"பாக்கெட்ல நிக்கறதுக்கா போனு? பேத்தி மூஞ்சியப் பாக்கத்தான? இதுல புள்ளையோட மூக்கு எது, வாய் எதுன்னே தெரியாது."

கட்டிலில் படுத்திருந்த அவள் தம்பி திலீப் எழுந்து உட்கார்ந்தான். சொந்தமாகப் போன் இல்லாவிட்டாலும், போன் விஷயத்தில் அந்தத் தெருவுக்கே தீர்ப்புச் சொல்கிறவன் அவன். "அக்கா சொல்றது கரெக்டு மாமா. இப்பல்லாம் எவன் சின்னது வாங்கறான்? போய் மாத்தினு வந்துடு."

மாசானம் திரும்பக் கடைக்கு நடந்தார்.

"பெட்டியப் பிரிச்சாச்சேண்ணா," என்று கையைப் பிசைந்தாள் கார்குழலி. "கம்பெனி திருப்பி எடுத்துக்காது."

மாசானம் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். "மொதல் பேத்திம்மா. இன்னிக்கு அவ மூஞ்சி சரியாத் தெரியலன்னு வெச்சுக்க, சாவுற வரைக்கும் என் பொண்டாட்டி அதையே சொல்லிக் காட்டுவா."

கார்குழலி கையை நீட்டினாள்.

"போனக் குடுங்க. எதிர்ல போய் ஒரு டீ சாப்ட்டு வாங்க."

அவர் டீ குடித்துத் திரும்பியபோது மேசைமேல் தடித்த பழுப்புத் தோல் உறைக்குள் ஒரு போன் இருந்தது. புத்தகம் மாதிரி விரித்தார். பஸ் போர்டில் இருப்பதுபோல எழுத்துகள் கொட்டை கொட்டையாக நின்றன.

"அப்பாடி! இதான் பெருசு! மேல எவ்ளோ தரணும்?"

"ஒண்ணும் வேணாண்ணா. இன்னிக்கு ஆஃபரு."

"ஸ்கிரீன்ல நான் வெச்ச முருகன் படம் கூட அப்படியே கீதே!"

"அது... கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேண்ணா."

வீட்டில் பவானி அகமகிழ்ந்து போனாள். "இதுதான்யா போனு! எவ்ளோ அகலம் பாரு!" என்று போனைத் தூக்கிப் பிடித்து, இருட்டுத் திரையைப் பார்த்தே ஒத்திகையும் தொடங்கிவிட்டாள். "கண்ணு, ஆயா பாருடீ. ஆயா தெரியுதா?"

கொஞ்ச நேரத்தில் கை இறங்கியது.

"ஏன்யா, மணிக்கட்டு கயண்டுடும் போல கீது?"

மாசானம் போனை வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் திணித்தார். பாதிதான் உள்ளே போனது. கீழே கிடந்த துண்டை எடுக்கக் குனிந்தார். போன் நழுவி நேராகப் பவானியின் கால் கட்டைவிரலில் இறங்கியது.

"ஐயோ! அம்மிக்கல்ல வாங்கினு வந்துகீறியே!"

"பெரிய போனுல இதான் பிரச்ன," என்றான் திலீப். "நான் அப்பவே சொன்னேன்."

"எப்படா சொன்ன?"

"மனசுல."

மாசானம் மறுபடி நடந்தார். கார்குழலி மறுபடி டீக்கு அனுப்பினாள். இந்த முறை மெல்லிய கண்ணாடி போன்ற உறையில் சின்ன போன் வந்தது. பாக்கெட்டில் போட்டதே தெரியவில்லை அவருக்கு. வழியெல்லாம் நெஞ்சைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"அப்பா, பூ மாரி கீது," என்றாள் பவானி. அடுத்த நொடியே கண்ணைச் சுருக்கினாள். "ஆனா எயுத்தெல்லாம் எறும்பு ஓடற மாரி கீது."

"எனக்கும்தான். பெருசப் பாத்துப் பழகின கண்ணு, இது ஒத்துக்கல."

"நீதான பாக்கெட்டு பாக்கெட்டுன்ன?"

"நீதான கை வலின்ன?"

பட்டன் போன் ஒலித்தது. சங்கமித்ரா. "அம்மா, புள்ள எழுந்துக்கப் போறா. புது போன்ல வரீங்களா?"

"தோ, ஒரு நிமிஷம்மா," என்று வைத்த பவானி, சட்டென்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எல்லார் வூட்லயும் புள்ளையக் கையில வாங்கறாங்க. நமக்குக் கண்ணால பாக்கறதுக்குக் கூட இவ்ளோ ரோதன."

அதற்குமேல் மாசானத்தால் நிற்க முடியவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார்.

"தங்கச்சி," என்று மூச்சிரைத்தார். "பெருசும் வாணாம், சின்னதும் வாணாம். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இல்லியா?"

கார்குழலி ஒரு கணம் விழித்தாள். பிறகு முகம் மலர்ந்தது.

"இருக்கே! அத மொதல்லயே கேட்டுருக்கலாமில்ல?"

நீல ரப்பர் உறையில் வந்தது நடுத்தர போன். வீட்டில் மூன்று பேரும் மாற்றி மாற்றித் தடவிப் பார்த்தார்கள். பவானிக்கு எழுத்து தெரிந்தது, கை வலிக்கவில்லை. மாசானத்தின் பாக்கெட்டில் பாந்தமாக உட்கார்ந்தது. திலீப் உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தான்.

"இதான் மாமா சைஸு. கையில புடிச்சாலே தெரியுதுல்ல?"

மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. திரை முழுவதும் ஒரு சிவந்த முகம். மூடிய கண்கள், உப்பிய கன்னம், நெற்றியில் ஒட்டிய ஒரு கொத்து முடி. பவானி வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கப்பன் காதுய்யா! அப்படியே எங்கப்பன் காது!"

"அப்பா, இன்னா ஒண்ணும் பேசாம கீற? தெரியுதா?" என்றாள் சங்கமித்ரா.

"தெரியுதும்மா," என்றார் மாசானம். "நல்லா, முழுசாத் தெரியுது."

குழந்தை வாயைப் பெரிதாகத் திறந்து கொட்டாவி விட்டது. மூன்று பேரும் கைதட்டினார்கள்.

இருட்டுவதற்குள் மாசானம் ஒரு பெட்டி ஜாங்கிரியோடு கடைக்குப் போனார். வெளியே போயிருந்த மஜீது பாய் அப்போதுதான் திரும்பிக் கல்லாவில் உட்கார்ந்திருந்தார்.

"பாய், இந்தப் பொண்ணு தங்கம் பாய்!" என்று பெட்டியை நீட்டினார் மாசானம். "மூணு தபா போன மாத்திக் குடுத்துச்சு. மூஞ்சி சுளிக்கல. மேல ஒரு பைசா வாங்கல. எனக்குப் பேத்தி பொறந்துக்கீறா பாய், இந்தா, ஸ்வீட் எடு!"

மஜீது பாய் ஜாங்கிரியை எடுத்தார்; கடிக்கவில்லை. மாசானம் தெருமுனை திரும்பும்வரை பாய் சிரித்தபடியே கையசைத்தார். பிறகு மெதுவாகக் கார்குழலி பக்கம் திரும்பினார்.

"இன்னாம்மா இது? பிரிச்ச போன மூணு தபா மாத்திக் குடுத்தியா? அதெல்லாம் யார் தலையில கட்டறது?"

கார்குழலி ஜாங்கிரியை மென்றுகொண்டே சொன்னாள்:

"போன எங்க பாய் மாத்தினேன்? பெருசுல டம்மிதான் வந்துகீது, போனு நம்ம கடைக்கு இன்னும் வரவே இல்ல, நடுத்தரம்னு அந்தக் கம்பெனியில ஒண்ணு கெடையவே கெடையாது. மூணு தபாவும் எயுத்து சைஸக் கூட்டிக் கொறச்சு, கவரத்தான் மாத்திக் குடுத்தேன்."