காட்டுத் தைம் ரசம்

பச்சிலை ஒன்று கையில் கிடைத்தால் கசக்கி மோந்து பார்க்காமல் விட என்னால் முடியாது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். மிச்சத்தை மூக்கால் படித்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. அந்த மூக்குதான் ராஜி அன்ரியின் வீட்டு விற்பனையைக் கவிழ்த்தது.

அப்போது கிளென் வேவர்லியில் அவருடைய வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். அதற்கு முன் இரண்டு குளிர்காலம் ஒருவரின் கராஜில். (கராஜ் மோசமில்லை, மழை மட்டும் உள்ளே வரும்.) அன்ரி வீட்டை விற்றுவிட்டுச் சிட்னியில் மகளோடு இருக்கப்போவதாக முடிவாகியிருந்தது. விற்றால் எனக்கு மறுபடியும் கராஜ்.

வீடு பார்க்க ஆட்கள் வரும் சனிக்கிழமை காலை, அன்ரிக்கு விடாத இருமல். முன்புறக் கற்பாதையின் இடுக்குகளில் காட்டுத் தைம் என்ற மூலிகை ஊதாப் பூவோடு படர்ந்திருந்தது. கசக்கினேன். அசல் ஓம வாசனை! முன்பு லெபனான்காரர் ஒருவரின் பேக்கரியில் மாவு பிசைந்திருக்கிறேன். அவர் காய்ந்த தைமை ரொட்டியில் தூவுவார். இருமல் வந்தால் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுத் தேனோடு குடிப்பார். சிட்டிகை அவருக்குச் சரி. எங்களுக்கு மூலிகை என்றால் கைப்பிடிதானே அளவு? ரசமாக வைத்தால் எப்படியிருக்கும் என்று அறியாமல் இருக்க முடியவில்லை.

மூன்று பிடி அரிந்தேன். (குறைவாகத் தெரிந்தது, எட்டாக்கினேன்.) புளி, மிளகு, உள்ளி போட்டுக் கொதிக்கவிட்டேன்.

ஒரு வாய் குடித்த அன்ரிக்குக் கண் பிதுங்கியது.

“தம்பி, நாக்கு விறைச்சுப் போச்சு!”

“இருமல் நிண்டிட்டுதா அன்ரி?”

“இருமவே பயமாக் கிடக்கு!”

அந்நேரம் ஏஜென்ட் வந்தார். கையிலிருந்த விளம்பரப் படத்தில் பாதை ஊதாக் கம்பளம். காலடியில் மொட்டைக் கல். பின்னால் வந்த தம்பதியர் குசினி வாசலோடு, ரச நெடியில் கண்ணைத் துடைத்தபடி திரும்பினார்கள். “செடி திரும்ப வளரட்டும், பிறகு பார்ப்போம்” என்று அவரும் போய்விட்டார்.

“அறையைக் காப்பாத்தத்தானே வெட்டினீர்?” என்றார் அன்ரி.

“சத்தியமா இருமலுக்குத்தான் அன்ரி!”

“அப்ப நீரே தண்ணி ஊத்தி வளத்துவிடும்.”

வளர்த்தேன். செடி தழைக்கத் தழைக்க என் அறை கைவிட்டுப் போகும் என்று தெரிந்தே ஊற்றினேன். இதை இன்றுவரை ஒருவரும் நம்புவதில்லை.

மூன்று வருடமாகிறது. பாதையில் கல்லே தெரியாது. இருமினால் அன்ரி அதில் ஒரு சிட்டிகை கிள்ளுவார், சிட்டிகைதான். சிட்னியிலிருந்து மகள் அழைக்கும்போதெல்லாம் முதல் கேள்வி, “அம்மா, தைம் வளந்திட்டுதா?”

நான் வாய் திறக்குமுன் அன்ரியே சொல்லிவிடுவார்: “இன்னும் இல்லைப் பிள்ளை.”