அந்த ஒரு வரியை அழித்துவிடு

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நீ, உன் மனைவி, பிள்ளைகள் எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இங்கே உன் அக்காவின் முழங்கால் வலி பரவாயில்லை. எனக்குத்தான் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, காரணம் நீ. மரியாதைக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று நான் போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே "அத்தான், மீட்டிங்ல இருக்கேன்" என்று வைத்துவிட்டாய். பின்னால் குக்கர் விசில் அடித்தது. எந்த ஆபீஸ் மீட்டிங்கில் குக்கர் வைக்கிறார்கள்? அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். இதை நீ பாதியில் வைக்க முடியாது.

என் மகள் உன் கம்பெனியில்தான் துணை விமானி. விமானிகளின் பயிற்சிப் பதிவுகளுக்கு நீதான் அதிகாரி. வீட்டு ஆளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இடத்தில், அவள் பெயருக்கு நேரே 'தரையிறக்கத்தில் கூடுதல் பயிற்சி அளிக்கப்பட்டது' என்று ஒரு வரி ஏறியிருக்கிறதே, இது அடுக்குமா? அப்படி என்ன செய்துவிட்டாள்? பக்கவாட்டில் காற்றடிக்கும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டை விட்டுக் கொஞ்சம் இடது பக்கம் ஒதுங்கிவிட்டாளாம். அதுவும் நிஜ விமானத்தில் அல்ல, கட்டடத்துக்குள் நின்ற இடத்தில் நிற்கும் சிமுலேட்டரில். அதற்குள் காற்று எங்கிருந்து வந்தது? பின்னால் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் பொத்தானை அழுத்தி வரவழைத்திருக்கிறார். அழுத்தியவரை விட்டுவிட்டு என் பெண்ணின் மேல் எழுதுவது எந்த ஊர் நியாயம்?

அவள் இப்போது ஒரு பெரிய கம்பெனியில் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். கடல் தாண்டிப் போகும் விமானங்கள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவளுக்கு அதே கனவு. அவர்கள் படிவத்தில் முதல் கேள்வியே 'உங்களுக்கு எப்போதாவது கூடுதல் பயிற்சி தேவைப்பட்டதா?' என்பதாம். "இல்லைன்னு போட்டுடும்மா" என்றேன். "அப்பா, யாருக்கும் ஏதாவது ஒண்ணுல எக்ஸ்ட்ரா செஷன் இருக்கத்தான் செய்யும். அதைப் பார்த்து வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. மறைச்சாத்தான் போச்சு" என்கிறாள். யார் சொன்னது என்று கேட்டால், "மாமாதான்" என்கிறாள். பிள்ளையைக் கெடுப்பதும் நீதான் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இதில் நான் பட்ட பாட்டைக் கேள். மனசு தாங்காமல் பூங்காவில் கூட நடக்கும் பல் டாக்டரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன், அவர் வீட்டம்மாவிடம் மட்டும் சொன்னார், மறுநாள் லிஃப்டில் மேல்வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டு "உங்க பொண்ணு ஓட்டுற பிளைட் எதுன்னு சொல்லிடுங்க, நாங்க வேற டிக்கெட் போட்டுக்கறோம்" என்றாள், எனக்கு வந்த கோபத்தில் என் மாடியில் இறங்காமல் மொட்டைமாடி வரை போய் வந்தேன். சரி, வீட்டிலேயே பழக்கிவிடலாம் என்று ஹாலின் தரைக்கல் கோட்டை ஓடுபாதையாக்கி, பக்கவாட்டில் மேஜை விசிறியை வைத்து, சக்கரம் வைத்த நாற்காலியில் உட்காரம்மா என்றால் மாட்டேன் என்றாள், நானே உட்கார்ந்து காட்டினேன், உன் அக்கா விசிறியை முழு வேகத்தில் வைத்தாள், திரைச்சீலை பறந்து வந்து முகத்தை மூடியது, நாற்காலி நேராகப் போய் அலமாரிக் கண்ணாடியில் இறங்கியது. தரை சாய்வாக இருக்கிறது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? "அப்பாவுக்கும் ஒரு எக்ஸ்ட்ரா செஷன் போடணும்மா" என்று தாயும் மகளும் சிரிக்கிறார்கள். நெற்றியில் பிளாஸ்திரியோடுதான் இதை எழுதுகிறேன்.

உன் மனதில் இருப்பது எனக்குத் தெரியாதா? நான் டிரைவிங் லைசென்ஸ் அதிகாரியாக இருந்தபோது உன்னை மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். ஊரே என்னை 'மறுபடி வா' சார் என்று கூப்பிட்ட காலம். "அத்தான், இந்த ஒரு தடவை விட்டுடுங்களேன்" என்று கெஞ்சினாய். "மச்சினன்னா கம்பம் நகர்ந்து வழி விடுமாடா?" என்று கேட்டேன். உன் அக்கா எனக்குச் சோறு போடும்போது தட்டை வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அது வேறு, இது வேறு. ரிவர்ஸ் எடுக்கும்போது நீ கம்பத்தை இடித்தாய், அவள் எதையும் இடிக்கவில்லை. தவிர, அதற்குப் பிறகு இன்றுவரை நீ எங்கேயும் இடித்ததில்லை. அதற்கு நன்றி சொல்ல வேண்டியவன் பழிவாங்குகிறாய்.

ஆகவே இதைக் கண்டதும் அந்த வரியை அழித்துவிடு. இல்லையென்றால் இந்த ஜென்மத்தில் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்குள்ளதை வரி அழிந்த பிறகு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் வந்துவிட்டாள். அந்தப் பெரிய கம்பெனியில் நேர்முகத் தேர்வு முடிந்ததாம். கேள்விக்கு 'ஆம்' என்றே பதில் கொடுத்திருக்கிறாள். முக்கால்வாசி நேரம் அதைப் பற்றித்தான் கேட்டார்களாம். எப்படி ஒதுங்கினாள், எப்படிச் சரிசெய்தாள் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். இன்னொன்றும் சொன்னாளாம்: பயிற்சியாளர் போதும் என்றபோது இவளேதான் "இன்னொரு தடவை பண்றேன் சார்" என்று கேட்டு வாங்கினாளாம். யாரைக் கொண்டு பிறந்ததோ! எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரே நிபந்தனை: அவள் சொன்னதும் உங்கள் கம்பெனிப் பதிவும் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பதிவைக் கேட்டு இன்றே உனக்கு எழுதுகிறார்களாம்.

உன் போன் நேற்றிலிருந்து அணைந்து கிடக்கிறது. நான் போட்ட சத்தத்துக்குப் பயந்து அந்த வரியை அழித்துத் தொலைத்திருந்தால், உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன், உடனே திரும்ப ஏற்றிவிடு. நீ அழித்திருக்க மாட்டாய். அன்று கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று நான் உன்னிடம் எப்படி நடந்துகொண்டேனோ, அப்படியே நீயும் என்னிடம் நடந்துகொண்டிருப்பாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் உன் வாயால் கேட்காமல் இருக்க முடியாது. தபாலில் போட்டால் தாமதமாகும் என்று இதைக் கையில் எடுத்துக்கொண்டு நானே புறப்பட்டு வருகிறேன். வாசலை மிதிக்க மாட்டேன் என்றது அப்படியே இருக்கட்டும். தெருவில் நிற்கிறேன், நீ ஜன்னலைத் திறந்து "இருக்கு அத்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.