இன்னொருக்கா நானா

மலாக்கா டவுனில் தண்ணீரோடு இவரைப் போல மல்லுக்கட்டிய மனிதர் வேறு யாரும் கிடையாது. மீன்பிடிக்கப் போகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாடு சுதந்திரத்துக்குக் காத்திருந்த நாட்களில், காஜா பெராங் தெருவில் ஒரு சீனர் காப்பிக்கடையின் மாடியில் நானும் அவரும் ஒரே அறையில் குடியிருந்தோம். நான் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பவன். அவர் சொங்கோக் தொப்பி தைப்பவர். அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் தெங்கேரா வட்டாரம் வரைக்கும், அண்ணனை நானா என்று கூப்பிடும் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அவர் 'இன்னொருக்கா நானா'தான்.

காரணம் ஒளு. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் அந்த வேலையை நான் இரண்டு நிமிடத்தில் முடிப்பேன். அவருக்கு முக்கால் மணி நேரம். வலது முழங்கை நனைந்ததா என்று சந்தேகம் வரும். அதைக் கழுவும்போது இடது முழங்கை மேல் சந்தேகம் வரும்.

"தம்பி, நனஞ்சுச்சா?"

"நனஞ்சிருச்சு நானா. என் கண்ணால பாத்தேன்."

"பின்பக்கம்?"

"அதையும் பாத்தேன்."

"நடுவுல கண்ண இமைச்சிருப்பியே. எதுக்கும் இன்னொருக்கா."

பள்ளிவாசலுக்குப் போய்ச் சேர்ந்தாலும் நிம்மதி இல்லை. 'அல்லாஹு அக்பர்' என்று கைகளை உயர்த்திக் கட்டினால் தொழுகை ஆரம்பம். அவர் உயர்த்துவார், கட்டுவார், மனதில் 'இன்ன தொழுகை தொழுகிறேன்' என்ற நிய்யத்து சரியாக வரவில்லை என்று அவிழ்ப்பார், மறுபடி உயர்த்துவார். இமாம் குனிந்து நிமிர்ந்து நெற்றியைத் தரையில் வைக்கும் ஸஜ்தாவுக்கே போயிருப்பார். இவர் கை இன்னும் காதருகில் இருக்கும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் தாங்கள் கட்டினோமா இல்லையா என்று குழப்பம் வந்துவிடும். அதனால் அவருடைய இரு பக்கமும் எப்போதும் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கும்.

ஒரு மழைநாளில் காப்பிக்கடை முதலாளியான தவுக்கேயின் நாய் படிக்கட்டருகே உடம்பைச் சிலிர்த்தது. நாயின் ஈரம் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரில் கழுவ வேண்டும் என்பது எங்கள் சட்டம். தன் மேல் விழுந்தது நாய்த் தண்ணீரா மழைத் தண்ணீரா என்று அவருக்கே தெரியவில்லை. சட்டையைக் கழுவினார். சட்டை உரசிய கைப்பிடியைக் கழுவினார். பிறகு படிகளைக் கழுவினார், ஏழு தடவை, மண்ணோடு. மேலே வந்த தவுக்கே வழுக்கி உட்கார்ந்துவிட்டு மலாய் மொழியில் நிதானமாகக் கேட்டார்: "இங்க நெல்லு நடப் போறீங்களா?"

இதையெல்லாம் நான் கடையில் நடித்துக் காட்டிச் சிரிக்க வைப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை வரைக்கும்.

அந்த வாரங்களில் சொங்கோக்குக்கு ஏகப்பட்ட கிராக்கி. சுதந்திரத்துக்குப் புதுத் தொப்பி போடாதவன் மனிதனா என்று ஊரே ஆர்டர் கொடுத்திருந்தது. அவரோ ஒன்றும் தைக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கும் வரவில்லை. தேடிப் போனேன். குளியலறை வாசலில் நனைந்த கைலியோடு உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்குகள் வெடித்துச் சிவந்திருந்தன. ஊசி பிடிக்க முடியாத கைகள்.

"நாலு நாளா தொழல, தம்பி. கழுவி முடிஞ்சாத்தானே? தண்ணிகிட்ட போகவே பயமா இருக்கு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நடித்துக் காட்டியதெல்லாம் நெஞ்சில் குத்தியது. கையைப் பிடித்து நேராக இமாமிடம் கூட்டிப்போனேன்.

இமாம் அந்தக் கைகளைத்தான் முதலில் பார்த்தார். "மூணு தடவை கழுவுங்க. அதோட எந்திரிச்சிருங்க. சந்தேகம் வந்தா வரட்டும், நீங்க அதுக்குப் பதில் சொல்லாதீங்க."

"தப்பாப் போச்சுன்னா ஹஜ்ரத்?"

"மறுமையில கேட்டா என்னைக் கைகாட்டுங்க. நான் பதில் சொல்லிக்கிறேன்."

நானா தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசல் வரை வந்தவர் திரும்பிப் போய்க் கேட்டார்: "உங்க வாப்பா பேரையும் சொல்லிருங்க. அங்க கூட்டமா இருக்கும்."

ஒரே நாளில் எதுவும் மாறவில்லை. குழாயை மூடிய பிறகும் கையை அதிலிருந்து எடுக்க மாட்டார். பிறகு திடீரென்று எழுந்து, செருப்பைத் தப்பும் தவறுமாக மாட்டிக்கொண்டு, சந்தேகம் பின்னால் துரத்துவதுபோல் பள்ளிவாசலுக்கு ஓடுவார். நானும் கூடவே ஓடுவேன். சில நாள் பாதி வழியில் திரும்பிவிடுவார். மறுநாள் மறுபடி ஓடுவோம். விரல்கள் மெல்ல ஆறின. ஊசி கைக்கு வந்தது. தவுக்கேயும் தனக்கொரு சொங்கோக் தைத்து வாங்கிக்கொண்டார்.

சுதந்திரம் வந்த வாரத்து ஜும்ஆவில், காலியாக இருக்கும் அந்த இடத்தில் அவர் தோளை ஒட்டி நான் நின்றேன். இமாம் கை கட்டினார். நானாவும் கட்டினார். ஒரே தடவைதான். குனிந்தார், நிமிர்ந்தார், எங்களோடு ஸலாம் கொடுத்து முடித்தார். அவர் தொழுகையில் ஒரு குறையும் இல்லை. என் தொழுகை என்ன ஆனதென்றுதான் தெரியவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.