உஷ் அண்ணாச்சியும் புதைத்த பானையும்

மனிதன் நடப்பதையே குற்றமாகப் பார்த்த ஒரே ஆள், இந்தத் தூத்துக்குடிக் கடற்கரையில், உஷ் அண்ணாச்சிதான். எங்கள் புராஜெக்டின் டெக்னீஷியன். நான் ஜியாலஜி படித்துவிட்டு அவரோடு மாட்டிக்கொண்டவன். அந்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் கொட்டாவி வருகிறது.

வேலை இதுதான். ஒரு மீனவக் கிராமத்தில் கடல் மணல்மேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருந்தது. அந்த மேட்டில்தான் வள்ளங்களை ஏற்றி வைப்பார்கள். மேடு சரிவதற்கு முன்னால் உள்ளே சின்னச் சின்னதாக விரிசல் விடும். அந்த அதிர்வைப் பிடிக்க ஒரு சென்சாரை விளிம்போரமாகப் புதைத்திருந்தோம். உருவத்தைப் பார்த்து ஊர் அதற்குப் பானை என்று பெயர் வைத்தது.

பானைக்கு எல்லாமே கேட்கும். நாய் ஓடினால் கேட்கும், பையன்கள் பந்து உதைத்தால் கேட்கும். அண்ணாச்சி ஷெட்டில் லேப்டாப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "உஷ், மெதுவா நடங்கல" என்று நாள் முழுக்க ஊரை அதட்டுவார்.

"நீங்களுந்தான நடக்கிய, அண்ணாச்சி?" என்று ஒரு பையன் கேட்டான்.

"என் நடை பானையில பதியாதுல. அப்படிப் பழகி வச்சிருக்கேன்."

இடது செருப்பைத் தரதரவென்று இழுத்து நடக்கிற மனுஷன் சொன்னது இது.

பார்த்துப் பார்த்து, ஸ்கிரீனில் ஓடுகிற கோட்டை வைத்தே ஆளைச் சொல்ல ஆரம்பித்தார். "இது ரோசம்மா. தலையில மீன்கூடை இருக்கு. இது மிக்கேல். நேரா நடக்கல."

விஷயம் பெண்கள் காதுக்குப் போனது. அப்புறம் ஷெட் வாசலில் எப்போதும் கூட்டம்.

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரரு நேத்து எப்பம் வந்தாரு?"

"வந்தாரா, தூக்கிட்டு வந்தாங்களான்னு கேளு."

ஆண்கள் கொதித்துப் போனார்கள். மிக்கேல்தான் தலைமை. "கடலைப் பாக்க வந்தியளா, எங்க குடும்பத்தைப் பாக்க வந்தியளா? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பானையைத் தோண்டி எறிஞ்சிருவோம்."

விட்டது தொல்லை என்று நான் பையைக் கட்டினேன். அண்ணாச்சி சோற்றைத் தொடவில்லை. "மழைக்காலம் முடியலல. இப்பம் எடுத்துட்டா, மேடு போறது எவனுக்குத் தெரியும்?"

சனிக்கிழமை மத்தியானம் கோடு நடுங்கியது. நின்றது. மறுபடி, இன்னும் நெருக்கமாக நடுங்கியது. அண்ணாச்சி முகத்தை ஸ்கிரீனில் ஒட்டினார்.

"ஏலே, இது யாரு நடையும் இல்ல."

ஊரையே உஷ் என்று அடக்கியவர் போட்ட கூச்சலில் காக்காய்கள் பறந்தன. "மேடு போவுதுல. வள்ளத்த இழுங்கல." ஆண்கள் ஓடிவந்து அவரவர் வள்ளத்தை ஊர்ப்பக்கம் இழுத்துவிட்டு விலகினார்கள். மிக்கேல் மட்டும் விளிம்பில், தன் வள்ளத்து நிழலில், போதையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அண்ணாச்சி ஓடிப்போய் அவன் காலைப் பிடித்து இழுத்து வந்தார். பின்னாலேயே மேடு சரிந்தது. மிக்கேலின் வள்ளம், பானை, எங்கள் புராஜெக்ட், மூன்றும் கடலுக்குள்.

மிக்கேல் மெதுவாகக் கண்ணைத் திறந்தான். "இன்னைக்கும் பதிஞ்சிட்டனா, அண்ணாச்சி?"

"இல்லல. நீ படுத்துல்லா கெடந்த."

அண்ணாச்சியை இப்போது எங்கோ ஒரு மலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே ஆடுமாடுகளை அதட்டிக்கொண்டிருப்பார். பானை கடைசியாக அனுப்பிய கோடு என் போனில் இருக்கிறது. அதில் ஊரே விளிம்பை விட்டு ஓடுகிறது. நடைகள் தேய்ந்து தேய்ந்து மறைகின்றன. ஒன்றே ஒன்று மட்டும், இடது காலை இழுத்துக்கொண்டு, விளிம்பை நோக்கி வருகிறது. பதியாது என்றாரே, அந்த நடை.